கூடுதலாக ஒரு கமான் பட்டை

பிப்ரவரி 4

மகளுக்கு,

இனிமேல் ஃபோனில் பேசுவதாக இல்லை. நேற்று நீ "அம்மா, நான் சொல்றத முழுசா கேளு" என்று ஆரம்பித்ததும் நான்தான் வைத்தேன். லைன் கட்டாகவில்லை. சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் நடுவே கத்த முடியாது, நானும் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆமாம், வண்டி வாங்கிவிட்டேன். புது பிக்கப். சீட்டு மேல் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நானும் உன்னைக் கேட்காமல் வண்டி வாங்கினேன். சரிக்குச் சரி.

எதற்கு வண்டி என்று கேட்டாய். மழையில் மண் சரிந்து நம் மேல்தெருத் தண்ணீர்க் குழாய் போனது உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் போடுவார்களாம். எந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று கேட்டேன், ஃபைலை மூடிவிட்டார்கள். தண்ணீர் லாரிக்காரர் அடிவாரத்தில் நின்றபடி விற்கிறார். பாலத்து வளைவில் லாரி திரும்பாதாம். அதனால் மேலே இருப்பவர்கள் எல்லோரும் குடத்தோடு இறங்கி, குடத்தோடு ஏறுகிறோம். பக்கத்து வீட்டுத் தையல்காரி நிறைமாதக்காரி. அவள் பாதி மேட்டில் குடத்தை இறக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவதைத் தினமும் பார்த்தேன். ஒருநாள் அதைச் சகித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. நேரே ஷோரூமுக்குப் போனேன்.

கீழே ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். அவர்களுடைய சலவை வேனை இத்தனை வருஷம் ஓட்டியவள் கேட்டால் இல்லை என்பார்களா?

ஒரே ஒரு குறை. பெரிய டேங்கை ஏற்றி நிரப்பினால் வண்டி பின்னால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஹெட்லைட் வானத்தில் கொக்கு தேடுகிறது. பட்டறைக்காரரிடம் விட்டிருக்கிறேன். பின்சக்கரத்துக்குக் கூடுதல் கமான் பட்டை, அதுதான் சுமை தாங்கும் வில் பட்டை, வைக்கிறார். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, தலைமேல் கேரியர், ஏறி இறங்கப் படி, எல்லாம் உண்டு. ஷோரூம்காரர் "மேடம், இதெல்லாம் போட்டா வாரண்டி போயிடும்" என்றார். "போய்ட்டு வரட்டும்" என்றேன்.

சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். கோபத்தில் இருக்கிறேன்.

அம்மா


பிப்ரவரி 11

அம்மா,

உனக்காக ஒழித்து வைத்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் உனக்குப் பிடிக்கும் என்று கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். இப்போது அதன்மேல் என் துணிகள் கிடக்கின்றன. கேட்காமல் செய்தது தப்புதான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வாரண்டி போய்விட்டு வரட்டும் என்பதைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அதுவும் வந்தால் வரட்டும்.

நான் லாரி கம்பெனியில் பிரேக் சோதிக்கிற எஞ்சினியர். சுமையோடு வருகிற வண்டி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஊரில் யார் யாரோ என்னிடம் கேட்டு வண்டி வாங்குகிறார்கள். பெற்ற அம்மா பட்டறைக்காரரிடம் கேட்டிருக்கிறாள்.

கூடுதல் பட்டை போட்டால் வண்டி உட்காராது. அவ்வளவுதான் நடக்கும். அதனால் வண்டிக்கு அதிகம் சுமக்கும் பலம் வந்துவிடாது. சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் அதேதான், அடிச்சட்டமான சேஸிஸ் அதேதான், பிரேக் அதேதான். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் முட்டிவலி போய்விடுமா? உன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார், ஓரத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் இருக்கிறது. பட்டறையில் எத்தனை பட்டை அடித்தாலும் அந்தத் தகட்டை யாராலும் அடித்து நீட்ட முடியாது.

நீ மாட்டுகிற கம்பித் தடுப்பு, கேரியர், படி எல்லாமே எடைதான். ஒவ்வொன்றும் தண்ணீருக்கு இருக்கும் இடத்தைத் தின்றுவிடும். அழகுக்கு இரும்பு சுமப்பதா, தையல்காரிக்குத் தண்ணீர் சுமப்பதா, நீயே சொல்.

இன்னொன்று. மேடு ஏறுவதைப் பற்றியே பேசுகிறாய். இறங்கவும் வேண்டும்.

நான் சாப்பிட்டேன். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் மகள்


பிப்ரவரி 20

பிரேக் மகாராணிக்கு,

உன் தகட்டைப் பார்த்தேன். சின்ன எழுத்து. கம்பெனிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள், எதையும் பாதியாகத்தான் சொல்வார்கள் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். இவர் பட்டை வைத்து வண்டி கெட்டது என்று யாரும் திரும்பி வந்ததில்லையாம். வர முடியாமல் போயிருக்கலாமே என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

பட்டை வைத்தாயிற்று. வண்டி இப்போது காளை மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெரிய டேங்கை விளிம்புவரை நிரப்பி ஏறினேன். முதல் கியரில், உறுமலே இல்லாமல் ஏறியது. பாலத்து வளைவில் லாரிக்காரரும் அவர் ஆட்களும் நின்றிருந்தார்கள். "அக்கா, அது பூந்தொட்டி தூக்குற வண்டி. பாத்து" என்றார். நான் கண்ணாடியை இறக்கி, "ஆமாம் தம்பி, மேல பூ வாடிக் கிடக்கு. அதான் தண்ணி கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேல்தெருவில் ஒருவரும் கை தட்டவில்லை, வரவேற்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். பேச நேரமில்லை என்பதுபோல் நிரப்பிக்கொண்டு போனார்கள். தையல்காரி மட்டும் டேங்க் குழாயடியிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு, "இன்னிக்குத் தலைக்குக் குளிக்கலாம்" என்றாள். எனக்கு அது போதும்.

நீ சொன்ன அந்தக் கம்பித் தடுப்பு இப்போது வண்டியில் இல்லை. முன் பம்பரும் இல்லை. பார்க்க அப்படியும் நன்றாகத்தான் இருக்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே.

குளிருக்கு ஸ்வெட்டர் போடு.

அம்மா


பிப்ரவரி 26

அம்மா,

பம்பர் எங்கே?

எடை குறைக்க யாரும் பம்பரைக் கழற்ற மாட்டார்கள். என்னிடம் மறைக்காதே. பாலத்து வளைவில், பாதித் தண்ணீர் கொடுத்துவிட்டு மீதியோடு இறங்கும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. அதுதானே?

நீ சொல்லாமலே எப்படித் தெரியும் என்று கேட்காதே. பெரிய டேங்கில் பாதித் தண்ணீர் இருந்தால் அது சும்மா இருக்காது. நீ பிரேக் போட்டால் முன்னால் ஓடி வந்து தள்ளும், நீ வளைத்தால் மறுபக்கம் சாயும். நிறைந்த டேங்கைவிட அரை டேங்க் பொல்லாதது. அதோடு டேங்கைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் வைத்திருப்பாய். அது பின்னால் அழுத்தினால் முன்சக்கரம் தரையில் பிடிக்காது.

அடி பட்டதா? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.


மார்ச் 9

என் மகளுக்கு,

அடி இல்லை. உதட்டில் ஒரு சின்னக் கிழிசல், ஆறிவிட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவர்தான் கொஞ்சம் பெயர்ந்தது. ஒரு சக்கரம் வெளியே தொங்கியது. லாரிக்காரரின் ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்தார்கள். சிரித்துக்கொண்டேதான் இழுத்தார்கள், இருந்தாலும் இழுத்தார்கள்.

பயந்தேன். அதை ஒளித்து என்ன செய்யப்போகிறேன். வீட்டுக்கு வந்து சாவியைக் கீழே போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். விற்றுவிட்டு உன் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போது தையல்காரி மறுபடி குடத்தோடு இறங்கிப் போனாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பட்டறைக்குப் போனேன். நீ சொன்னதால் அல்ல. எனக்கே தோன்றியது என்று வைத்துக்கொள். கேரியர், படி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். பெரிய டேங்கைக் கொடுத்துவிட்டு இரண்டு சின்ன டேங்க். டிரைவர் கேபினை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில். உள்ளே தண்ணீர் ஓடாமலிருக்கத் தடுப்புப் பலகை. பாடியில் கட்டாமல் சேஸிஸோடு சேர்த்து போல்ட். ஒரு டேங்கைக் காலி செய்த பிறகுதான் அடுத்ததைத் திறப்பேன். முழுச் சுமையோடு எடைமேடையில் ஏற்றினேன். உன் தகட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டியது. தண்ணீர் ஒரு நடைக்குக் குறைவு, அதனால் நடை அதிகம். இருக்கட்டும், எனக்கு வேறு என்ன வேலை.

இப்போது புதுச் சிக்கல். லாரிக்காரர் புகார் கொடுத்துவிட்டார். நாலு நாளைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் அடிவாரத்தில் நிறுத்தினார். நல்ல மனுஷர், கத்தவில்லை. கீழே குனிந்து பார்த்துவிட்டு, "கம்பெனி போடாத பட்டை இருக்கேம்மா. யார் சர்டிஃபிகேட் குடுத்தது?" என்றார்.

"தண்ணி குடிக்கிறவங்க குடுப்பாங்க. கூட்டிட்டு வரட்டுமா?"

"எஞ்சினியர் கையெழுத்து வேணும். இல்லன்னா பட்டையைக் கழட்டணும்."

"கழட்டினா வண்டி உக்காந்துடும். மேல ஏறாது."

"அது எனக்குத் தெரியாதும்மா. சட்டம் இதுதான்."

"அப்ப வண்டியை எடுத்துக்குங்க. பட்டையோட எடுத்துக்குங்க. நான் கழட்ட மாட்டேன்."

எடுத்துக்கொண்டார். அவர்கள் அலுவலகத்து முற்றத்தில் நிற்கிறது, டேங்கில் தண்ணீரோடு. நான் தினமும் போய் அதன் பக்கத்தில் நிற்கிறேன். காவலாளி முதலில் விரட்டினார். இப்போது நாற்காலி போடுகிறார்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அம்மா


மார்ச் 15

அம்மா,

நீ கேட்காமல் கேட்கிற வித்தை சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வெளி வண்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. அதிலும் இது வேறொரு கம்பெனி வண்டி. மேலாளரிடம் போய் லீவு கேட்டேன். எதற்கு என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்னேன். "அம்மாவுக்காக வேலையை விடப் போறியா?" என்றார். "வேலையை விடறதா நான் சொல்லலையே சார். ஒரு வண்டியைச் சோதிக்கப் போறேன். அதுக்குத்தான நீங்க என்னை எடுத்தீங்க" என்றேன். லீவு இல்லை என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்குவேன். இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்.

ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து சண்டை வேண்டாம். பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். பார்த்துச் சரியில்லை என்றாலும் போட மாட்டேன். தெருவே நின்று அழுதாலும் போட மாட்டேன். அம்மா வண்டி என்பதால் இரண்டு முறை பார்ப்பேன்.

உன் மகள்


மார்ச் 30

அம்மா,

நீ பஸ் நிலையத்துக்கு வரவில்லை. பஸ் கிளம்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் எல்லோர் முன்னாலும் நான் "போட மாட்டேன்" என்றது உனக்கு அவமானமாக இருந்திருக்கும். பட்டறைக்காரர், தையல்காரியின் வீட்டுக்காரர், இன்ஸ்பெக்டர் எல்லோரும் நின்றார்கள். "பெத்த பொண்ணே என்னை நம்பலைன்னா ஊர் எப்படி நம்பும்" என்று சொல்லிவிட்டு நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். உன்னை நம்பினேன் அம்மா. அந்த வால்வைத்தான் நம்பவில்லை.

அன்று கோபத்தில் நீ கேட்கவில்லை, இப்போது கேள். பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, பின் பிரேக்குக்குப் போகிற வால்வோடு சேர்ந்த ஒரு கம்பி இருக்கிறது. வண்டி சுமையில் தாழ்ந்தால் அந்தக் கம்பி மேலே தள்ளும். உடனே பின்சக்கரத்துக்கு முழு பிரேக் போகும். வண்டி உயரமாக நின்றால், சுமை இல்லை என்று நினைத்து அந்த வால்வு பிரேக்கைக் குறைத்துவிடும். நீ பட்டைகளை அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தியதால், எவ்வளவு தண்ணீர் ஏற்றினாலும் அதற்கு வண்டி காலியாகவே தெரிந்தது. நீ இத்தனை நாள் அந்த மேட்டை ஏறக்குறைய முன்சக்கர பிரேக்கில் மட்டும் இறங்கியிருக்கிறாய்.

பட்டறைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு தானே வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியைப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "இவ்ளோ நாள் இதைத் தொட்டதே இல்லம்மா" என்றார். வைத்ததில் ஒரே ஒரு கூடுதல் பட்டையை விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினோம். கம்பியை அளந்து திருத்தினோம். இரண்டு டேங்கையும் நிரப்பி, பாலத்து வளைவுக்கு மேலேயிருந்து நானே இறக்கி, நடுமேட்டில் பிரேக்கை மிதித்தேன். நின்றது. மறுபடி செய்தேன். ஒரு டேங்க் காலியாக இருக்கும்போதும் செய்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். நீயோ கையெழுத்தான பிறகு வந்து, சாவியை வாங்கிக்கொண்டு நேரே நிரப்பப் போய்விட்டாய்.

இங்கே கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். செய்ததைச் சொன்னேன், மறுபடி நேர்ந்தாலும் செய்வேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அதில் எங்கேயும் எழுதவில்லை. இப்போதைக்குச் சோதனைத் தடத்தில் இறங்கக்கூடாது, மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் சோதித்ததைப் படித்துப் பார் என்று உத்தரவு. படிக்கிறேன். படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறேன். சீக்கிரமே என்னைத் தாங்க முடியாமல் தடத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.

எழுது. திட்டியாவது எழுது.

உன் மகள்


ஏப்ரல் 17

என் தங்கத்துக்கு,

பஸ் நிலையத்துக்கு வந்தேன். டீக்கடைக்குப் பின்னால் நின்றேன். நீ எட்டி எட்டிப் பார்த்ததைப் பார்த்தேன். முன்னால் வந்தால் அழுதுவிடுவேன், அழுதால் நீதான் சரி என்று ஆகிவிடும் என்று நின்றுவிட்டேன். நீதான் சரி. வாயால் சொல்ல வராது, எழுத வருகிறது.

தையல்காரிக்குப் பெண் குழந்தை. அழுகையைக் கேட்டால் பெரிய ஹாரன். ஆஸ்பத்திரிக்கு நம் வண்டியில்தான் போனாள், டேங்க் இரண்டும் காலியாக இருந்த நேரம். வளைவில் "மெதுவா அக்கா" என்றாள். "இது இப்ப நிக்கிற வண்டி, பயப்படாத" என்றேன்.

மற்றொரு சேதி. நம் லாரிக்காரரும் ஒரு பிக்கப் வாங்கிவிட்டார். என் வண்டியைவிடப் பெரிது. நம் பட்டறைக்காரர் அதற்குப் பட்டை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வேறெங்கோ போய்ப் பட்டை பட்டையாக அடுக்கிக்கொண்டு வந்தார். முன்னால் கம்பி, மேலே கேரியர், பக்கத்தில் விளக்கு வரிசை. கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பின்னால் நான் முதலில் வைத்திருந்ததைவிடப் பெரிய ஒற்றை டேங்க். நேற்று காலை அதை நிரப்பிக்கொண்டு மேலே வந்தார். நான் கடைசி டேங்க் தண்ணீரையும் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு மேலே நேருக்கு நேர்.

வண்டியைக் குறுக்கே போட்டு எஞ்சினை அணைத்தேன்.

"என்ன அக்கா, தொழில் போட்டியா?" என்றார்.

"விக்கிறதுன்னா விக்கலாம் தம்பி. யார் வேண்டாம்னா. ஆனா இந்தச் சுமையோட இதுக்கு மேல போக முடியாது."

"நீங்க யாரு சொல்றதுக்கு?"

"இதே இடத்துல சக்கரம் தொங்க நின்னவ. உங்க ஆளுங்கதான என்னைக் கயிறு கட்டி இழுத்தாங்க. அவங்களையே கேளுங்க."

ஹாரன் அடித்தார். நான் கதவைத் திறந்து இறங்கி, வண்டியில் சாய்ந்து நின்றேன். அவர் ஆட்களில் ஒருவர் சுவர் பெயர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் கேட்டு மேல்தெரு முழுக்க இறங்கி வந்துவிட்டது. பெயர்ந்த சுவரைப் பார்த்தார்கள், அவருடைய டேங்கைப் பார்த்தார்கள்.

கடைசியில் அவர் இறங்கினார். என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், தன்னுடைய வண்டிக்கு அடியிலும் பார்த்தார். "எவ்ளோ இறக்கணும்?" என்றார்.

"கதவோரத்துல தகடு இருக்கும். படிச்சுப் பாருங்க."

படித்தார். முகம் சுருங்கியது. பின்னால் போய் டேங்கின் வாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் தார்ச்சாலையில் கொட்டி ஓடத் தொடங்கியது. அதற்குள் யாரோ ஓடிப்போய்க் குடத்தை நீட்ட, அடுத்தவர் தேக்சாவை நீட்ட, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அதன்பின் ஒரு சொட்டு கீழே விழவில்லை. "இது இலவசம் இல்ல" என்று அவர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

நானும் சீட்டுக்கடியில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அவரே பிடித்துக் கொடுத்தார்.

அம்மா